அரசியல் வீட்டில் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (காரைக்குடி, தேவகோட்டை பக்கம்)

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) 1986 உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியப் பெருந்தலைவர் ஆனவர். அப்பா 1996, 2001 இரண்டு தடவையும் பேரூராட்சித் தலைவர். 2011இல் மறுபடியும் நின்று தோற்றார். அதோடு பதவி போயிற்று. ஆனால் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் ‘தலைவர் வீடு’ என்று சொன்னால் போதும், வாசலில் கொண்டுவந்து விடுவார். பேருந்து நிழற்குடையில் ஐயா பெயர் பாதி உதிர்ந்த நிலையில் இன்னும் இருக்கிறது.

நான் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். 2022இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலின் ஐந்தாண்டுக் காலம் முடியப்போகிறது. எங்கள் வார்டு பெண்கள் வார்டு. வீட்டில் உட்கார்ந்து பேசி, நான்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் தகவலாகத்தான் சொன்னார்கள். “தம்பிக்கு வயது வரட்டும், அதுவரைக்கும்தானே” என்கிறார் அப்பா. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டு நான்.

சின்ன வயதிலிருந்தே காலை ஆறு மணிக்கு எங்கள் முகப்பில் ஆள் இருக்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பையனுக்கு ஹாஸ்டல், மதுரை ஆஸ்பத்திரியில் படுக்கை, மருமகன் மேல் போலீஸ் கேஸ். அப்பா பல் துலக்கிக்கொண்டே கேட்பார். 2011க்குப் பிறகு கூட்டம் குறைந்தது, நிற்கவில்லை. காரியம் முடிக்கத் தெரிந்தவர்கள் புதுத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கும் போக வழியில்லாதவர்கள் மட்டும் இன்னும் இங்கேயே வருகிறார்கள். அப்பா கையில் ஒரு அதிகாரமும் இல்லை. போன் போட்டு, யார் யாரிடமோ கெஞ்சி, சில நாள் தன் பையிலிருந்து பணம் கொடுத்து அனுப்புகிறார். அதைப் பார்க்கும்போது கோபமும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

அனுதாபம் வேண்டி எழுதவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்கள் இந்தப் பாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து விளக்கு எழுதியது:

பாரமா? தாலுகா ஆபீஸில் நாங்கள் வரிசையில் நிற்கும்போது உங்கள் வீட்டு ஆட்கள் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவார்கள். அந்த நாற்காலி கனமாக இருக்கிறது என்று இப்போது இழை போடுகிறீர்கள். நல்லது.

பல்லவன் ஜன்னலோரம் எழுதியது:

ஐந்து விளக்கு அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நாற்காலி கிடைத்தது உண்மை. அதற்கு வேறொரு கணக்கும் உண்டு.

என் பெரியப்பா சட்டமன்றத்தில் இருந்தவர். நான் கணக்கில் நூறு வாங்கினால் “வாங்காமல் என்ன செய்வான்” என்பார்கள். எழுபது வாங்கினால் “அந்த வீட்டுப் பிள்ளைக்கே இவ்வளவுதானா” என்று சிரிப்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் என் தரவரிசைக்குக் கிடைத்த இடத்தைக்கூட இன்றைக்கு வரைக்கும் ‘பெரியப்பா வாங்கிக் கொடுத்த சீட்டு’ என்றே ஊர் சொல்கிறது. அதை ஒவ்வொருவரிடமும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று, வீடே இரண்டானது. 1996இல் மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரஸ் (த.மா.கா.) தொடங்கியபோது நம் பக்கத்துக் காங்கிரஸ்காரர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் பெரியப்பா த.மா.கா.வின் சைக்கிள், அப்பா காங்கிரஸின் கை. ஒரே வளவுக்குள் இரண்டு கொடி. அந்தத் தேர்தலில் எங்கள் அம்மா பெரியம்மாவோடு அடுப்படியில் பேசினாலே “என்ன தகவல் கொடுக்கிறாய்” என்று கேட்பார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள், சேர்ந்து விளையாடக்கூடாது என்று உத்தரவு. 2002இல் த.மா.கா. மறுபடியும் காங்கிரஸில் சேர்ந்துவிட்டது. மேலே தலைவர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அதற்குப் பிறகும் பல வருஷம் பேசவில்லை. ஒரு கேதத்துக்கு, துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் எதிரெதிரே உட்கார வேண்டி வந்ததால் பேசினார்கள்.

வார்டு மருமகள் எழுதியது:

ரஸ்தா, நீங்கள் எந்த ஊர் என்று கேட்கமாட்டேன். நான் காரைக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி. உங்கள் கேள்விக்கு நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் எழுதுவதைப் படியுங்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு.

கொடிக்கம்பம் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

நானும் அரசியல் வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது. என் அப்பா ஒரு தலைவர் வீட்டுத் தொண்டர். முப்பது வருஷமாக அந்த வீட்டுக்குக் கொடி கட்டினார், சுவரில் எழுதினார், பூத்தில் உட்கார்ந்தார். ராத்திரியில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போவார், விடியும்போது வருவார். கைமாற்று வாங்கித் தேர்தல் செலவு செய்தார். தலைவர் கேட்கவில்லை, இவராகத்தான் செய்தார். “நம்ம ஆளு ஜெயிக்கணும்” என்பதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை. அம்மாவின் தோடு இரண்டு தேர்தலில் அடகுக்குப் போனது. இரண்டாவது தடவை திரும்பி வரவில்லை.

தலைவர் தோற்றார். அடுத்த நாளும் அவர் வீடு தலைவர் வீடுதான். முகப்பில் ஆள் இருந்தது, ரஸ்தாவே சொல்லிவிட்டார். எங்கள் அப்பா தோற்றவர் வீட்டு ஆள். ஜெயித்த கட்சிக்காரன் எங்கள் வீட்டுத் தெருக்குழாயை மட்டும் சரிசெய்யாமல் விட்டான். மளிகைக் கடையில் கடன் நிறுத்தினார்கள். ஆட்சி மாறினால் காண்டிராக்ட் போகும் என்று பெரிய வீடுகளில் கவலைப்படுவார்கள். எங்கள் வீட்டில் நூறு நாள் வேலை அட்டையில் பெயர் வருமா என்று கவலைப்பட்டோம்.

சரி, இதெல்லாம் பழைய கதை. இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தலைவருடைய மகன் வந்துவிட்டார். என்னைவிட நாலு வயது சின்னவர், வெளிநாட்டில் படித்தவர், நல்ல மாதிரிதான். என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தி, “இனிமே தம்பிக்கு நீதான் எல்லாம்” என்றார். அந்தப் பையனுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். அவர் தன் அப்பாவின் இடத்துக்கு வருகிறார் என்றால் நான் என் அப்பாவின் இடத்துக்கு வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. வாரிசு அரசியல் என்று டிவியில் பேசுகிறார்களே, தலைவர் மகன் தலைவராவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். தொண்டன் மகன் தொண்டனாவதைப் பற்றி யாரும் விவாதம் வைப்பதில்லை.

நான் போகவில்லை. மெடிக்கல் ரெப் வேலையில் இருக்கிறேன். அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ரஸ்தா, உங்கள் வீட்டுக்கு என் அப்பா மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் நிற்கமாட்டேன் என்றால் உங்கள் அப்பாவைவிட அவர்கள்தான் அதிகம் உடைந்து போவார்கள். நின்றாலோ அவர்கள் மறுபடியும் அடகு வைப்பார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கொடிக்கம்பம், எண்ணியதில்லை. என் கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் வீட்டில் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் என்று அப்பா ஒரு நோட்டு எடுத்தார். அதில் பெரிய மனிதர்கள் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டார்கள். மீதி முழுக்கப் பூத் ஏஜெண்டுகள். அந்தச் சம்பந்தம் பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் எதிர்க் கட்சிக்குச் சொந்தம், “நாளைக்குச் சம்பந்தியை மேடையில் திட்ட வேண்டி வரும்” என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, அது வேறு விஷயம்.

பெட்டியடிப் பையன் எழுதியது:

வயதானவன் ஒருவன் நடுவில் வந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன காலத்தில் பிள்ளைகளைப் பழக்கிய முறை ஒன்று உண்டு. கடையில் முதல் படி பெட்டியடிப் பையன். பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து மேலாள் சொல்லும் கணக்கை எழுதுவது, கடையைக் கூட்டுவது, கடிதம் கொண்டுபோவது. அதற்கு மேலே அடுத்தாள். அதற்கும் மேலேதான் மேலாள், அவரும் மூன்று வருஷத்துக்கு ஒரு சம்பளச் சீட்டில் போகிறவர். வசதியான வீட்டுப் பிள்ளையையும் பெட்டியடியிலிருந்தே ஆரம்பிக்க வைப்பார்கள், அதுவும் பல வீடுகளில் சொந்தக் கடையில் விடமாட்டார்கள். இன்னொருவர் கடைக்கு அனுப்புவார்கள். சொந்தக் கடையில் யாரும் பையனைத் திட்டமாட்டார்கள், திட்டு வாங்காமல் கணக்கு வராது.

அரசியலில் மட்டும்தான் மகன் நேராக மேலாள் நாற்காலியில் உட்காருகிறான். ஊருக்கு அது அநியாயம், அதை ஐந்து விளக்கு சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைக்கும் அது கஷ்டந்தான். பேரேடு அவன் கைக்கு வருகிறது, உள்ளே யாருக்கு என்ன பாக்கி என்று அவனுக்குத் தெரியாது. வருகிற ஒவ்வொருவரும் “உங்க அப்பாவுக்கு நான் இன்னது செய்தேன்” என்று சொல்கிறார். உண்மையா பொய்யா என்று சரிபார்க்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். ஒன்றும் நடக்காதபோது “அப்பனைப் போல இல்லை” என்று பெயர் வாங்குகிறான்.

நம் வட்டாரத்தையே பாருங்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன் முத்தையா செட்டியார் 1933இல் மேயர் பதவி மறுபடி வந்தபோது சென்னையின் முதல் மேயர், அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. அண்ணாமலை செட்டியாரின் மகள் வழிப் பேரன் ப. சிதம்பரம், 1945இல் கானாடுகாத்தானில் பிறந்தவர். 1984 முதல் சிவகங்கையில் ஏழு முறை ஜெயித்திருக்கிறார், நடுவில் 1999இல் தோற்றார். அவர் மகன் கார்த்தி 2014இல் தோற்றார், 2019இலும் 2024இலும் ஜெயித்தார். திருவாடானையில் சட்டமன்றத்துக்குப் போனவர் கரியமாணிக்கம் அம்பலம், அவருக்குப் பின் மகன் கே.ஆர். ராமசாமி, அவர் 2016இல் காரைக்குடிக்கு வந்து ஜெயித்தார். இவர்களில் யார் நல்லவர் யார் கெட்டவர் என்று நான் பேச வரவில்லை. அப்பாவுக்குப் போட்டவன் மகனுக்கும் போடுவான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். வாக்காளன் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. அப்பாவையே ஒரு முறை உட்கார வைத்தவன் அவன்.

ஐந்து விளக்கு எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஆனால் பாரம் என்று பேசுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? 1976இல் மு.க. ஸ்டாலின் மிசாவில் (விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் சட்டம்) உள்ளே போனபோது கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆகவில்லை. அது பாரம். நம்ம மேலூர்ப் பக்கத்துக் கக்கன், பத்து வருஷம் அமைச்சராக இருந்துவிட்டு மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார். அதுவும் ஒரு அரசியல் குடும்பம்தான். ஐடி வேலை பார்க்கும் பெண்ணுக்கு வார்டு சீட்டு தேடி வருவதையும் அந்த வரிசையில் வைக்க முடியுமா?

பல்லவன் ஜன்னலோரம் எழுதியது:

வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே அண்ணே. பல்வலிக்காரனிடம் போய் “பக்கத்து வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன்” என்று சொன்னால் பல் நிற்குமா?

கண்மாய்க்கரை எழுதியது:

என் அம்மா தனி ஊராட்சியில் தலைவராக இருந்தார். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு யாரும் வார்டு உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. அம்மாவை நிறுத்தியதே ஊர்ப் பெரிய வீடு. அவர்கள் நிற்க முடியாத இடஒதுக்கீட்டுச் சுழற்சி, தங்கள் பேச்சைக் கேட்கும் ஆள் வேண்டும், அம்மா அவர்கள் வயலில் வேலை பார்த்தவர்.

முத்திரையும் காசோலைப் புத்தகமும் பெரிய வீட்டில் இருந்தன. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றும்போது மட்டும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து அம்மா காசோலைப் புத்தகத்தைக் கேட்டார். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எங்கள் சொந்தக்காரர்களே அம்மாவிடம் வந்து “உன்னால்தான்” என்றார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ‘பிரசிடெண்டு’ என்று பட்டப்பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை அது.

பதவிக் காலம் முடிந்ததும் அம்மா மறுபடி வேலைக்குப் போனார். வேறு ஊர் வயலுக்கு. முன்னாள் தலைவர் வீடு என்று எங்களை யாரும் சொல்வதில்லை. தணிக்கைக் கேள்வி மட்டும் அம்மா பெயருக்குத்தான் வந்தது, ஏனென்றால் கையெழுத்து அம்மாவுடையது.

ரஸ்தா அக்கா, நீங்கள் நின்றால் முத்திரை யார் வீட்டு அலமாரியில் இருக்கும் என்பதை மட்டும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

நெறியாளர் எழுதியது:

கண்மாய்க்கரையின் பதிவுக்குக் கீழே வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு இங்கே இடமில்லை. அடுத்த முறை கணக்கே போகும்.

வார்டு மருமகள் எழுதியது:

எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மாமனார் கட்சியில் பழைய ஆள். வார்டு பெண்களுக்கு வந்தது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நாத்தனார் வெளியூர். மீதி நான். வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் வரைக்கும் எனக்கு அந்த வார்டின் எல்லை எங்கே என்று தெரியாது. சுவரொட்டியில் என் படம் சின்னதாக, கணவர் படமும் மாமனார் படமும் பெரிதாக. ஜெயித்த அன்றைக்கு மாலை அவர்கள் கழுத்துக்குத்தான் அதிகம் விழுந்தது.

முதல் வருஷம் வார்டு மக்களிடம் இருந்த நம்பர் கணவருடையது. மன்றக் கூட்டத்துக்கு அவரும் கூடவே வருவார், உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நிற்பார். நான் உள்ளே போய் உட்கார்ந்து, தீர்மானங்களுக்குக் கை தூக்கிவிட்டு வருவேன். எதற்குக் கை தூக்கினேன் என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இதை எழுதக் கூச்சமாக இல்லை, நம் மாவட்டத்தில் பாதிப் பேர் கதை இதுதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. நாற்காலி மாறியது, நம்பர் மாறவில்லை.

பிறகு ஒரு நாள் பாதாளச் சாக்கடை மூடி ஒன்று உடைந்து, ஒரு பள்ளிப் பிள்ளை காலை உள்ளே விட்டுவிட்டது. பெரிய அடி இல்லை. அந்த அம்மா என் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். கணவரைப் பார்த்துக் கத்தவில்லை, மாமனாரைப் பார்த்தும் இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முடிவெல்லாம் அவர்கள் எடுத்தார்கள், திட்டு மட்டும் சரியான விலாசத்துக்கு வந்தது.

அதன் பிறகு தீர்மான நகலைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள். என் பெயரில் தனியாக ஒரு நம்பர் வாங்கி, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். வீட்டில் அதற்கு நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. இன்றைக்கு நிலைமை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். மாமனார் என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கேதம் எல்லாவற்றுக்கும் நான் போயாக வேண்டும், போகாத வீட்டில் “பதவி வந்ததும் மறந்துட்டா” என்கிறார்கள். முகூர்த்த நாளில் நாலு வீட்டுக்கு மொய் எழுதினால் மாமன்ற உறுப்பினர் மதிப்பூதியம் எந்த மூலைக்கு?

ஆனால் ஒன்று. எங்கள் வார்டில் இரண்டு தெருவுக்கு விளக்கு வந்தது. அது என் மனு, என் கையெழுத்து, நான் போய் நின்று வாங்கியது. அந்தத் தெரு வழியாக ராத்திரி வண்டியில் போகும்போது எனக்கு ஒரு திமிர் வரும். அதை மறைக்க விரும்பவில்லை.

தம்பிக்கு இடம் பிடித்து வைக்கத்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கே கொஞ்சம் ஆசை இருந்தால் அதை வெளியே சொல்லிவிட்டு நில்லுங்கள். நீங்கள் எழுதியதில் அந்த ஆசை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கரைச் சீமை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. அப்பா முன்னாள் எம்.எல்.ஏ. யாரும் சொல்லாத ஒரு தொல்லையைச் சொல்கிறேன்.

இங்கே வேலைக்கு வந்து வங்கிக் கணக்கு தொடங்கப் போனேன். ‘உங்கள் குடும்பத்தில் யாராவது அரசியல் பதவியில் இருக்கிறார்களா, இருந்தார்களா’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. உண்மையை எழுதினேன். கூட வந்த நண்பனுக்கு அன்றைக்கே கணக்கு திறந்துவிட்டது, எனக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பணமோசடித் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். வகுத்த விதி அது. எம்.பி., அமைச்சர் போன்றவர்களையும் அவர்கள் பெற்றோர், பிள்ளை, துணைவர், நெருங்கிய கூட்டாளி எல்லாரையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்கள். பதவி போனாலும் உடனே விடமாட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது, வீட்டுச் சொத்து எப்படி வந்தது என்று கடிதம் மேல் கடிதம். என் சம்பளத்தில் நான் போட்ட பணத்துக்கு என் அப்பாவின் வயலைப் பற்றி விளக்கம் எழுதினேன்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதியில் இந்த வகை என்பது வெளிநாட்டுப் பதவிக்காரர்களை மட்டும் குறிக்கும். அதனால் ஊரில் அதே அப்பா பெயரைச் சொன்னால் மேனேஜர் காப்பி வாங்கிக் கொடுப்பார்.

திட்டவில்லை, விதியின் நியாயம் புரிகிறது. அப்படித் திருடிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பதால்தானே கேட்கிறார்கள்.

குமாஸ்தா எழுதியது:

வக்கீல் ஆபீஸில் நிறைய வருஷம் இருந்தவன். ரஸ்தா, மனசு சம்பந்தப்பட்டதை மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் காகிதம் பற்றி மட்டும்.

முதலில், உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட வீடுகளில் மகள் பெயரில் நிலம் வாங்குவது சகஜம், மகளுக்கே தெரியாது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு ஏ.ஐ.எஸ். என்று ஆண்டுத் தகவல் அறிக்கை வரும், பெரிய தொகைப் பத்திரப்பதிவுகள் அதில் தெரியும். கணக்கில் காட்டிய வருமானத்தில் அப்பா மகள் பெயருக்கு வாங்கினால் தவறில்லை. வருமானத்துக்குக் கணக்கு இல்லையென்றால் பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்று முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். சட்டமன்றத் தேர்தல் என்றால் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் சொத்து முழுக்க வரும். உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகு வருமானம் எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும். உள்ளாட்சியிலும் பிரமாணப் பத்திரம் உண்டு. நீங்கள் நின்றால் உங்கள் பெயரில் இருப்பதையெல்லாம் ஊர் பார்க்கும், அப்பா வைத்ததாக இருந்தாலும்.

இரண்டாவது, கடன். அப்பாவின் கடனை மகன், பேரன், கொள்ளுப்பேரன் தீர்க்க வேண்டும் என்று பழைய இந்துச் சட்டத்தில் ஒரு தர்மக் கடமை இருந்தது. 2005 திருத்தம் அதை எடுத்துவிட்டது, அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லிப் பிள்ளைகள் மேல் வழக்குப் போட முடியாது. ஊர் அந்தத் திருத்தத்தைப் படிக்கவில்லை, அதுதான் சிக்கல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டுவிட்டது, டெல்லிக்குப் பதினாறு வருஷம் முன்னால். நிலத்தில் பங்கு கொடுத்த வீடுகள்கூடக் கட்சிப் பதவி என்றால் இன்னும் மகனுக்கே எழுதுகின்றன.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வார்டு மருமகள் அக்கா கேட்டதுக்குப் பதில்: ஆசை இருக்கிறது. முகப்பில் உட்கார்ந்து மனு வாங்குவதற்கு இல்லை. பேரூராட்சிப் பட்ஜெட்டை ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு எண்ணம். இதை வீட்டில் சொன்னதில்லை, சொன்னால் நாளைக்கே சுவரொட்டி அடித்துவிடுவார்கள்.

அப்பாவிடம் மூன்று கேட்டேன். என் நம்பர்தான் வெளியே போக வேண்டும். என் சம்பளத்துக்கு மேல் யாரும் எனக்காக ஒரு ரூபாய் கடன் வாங்கக் கூடாது, கட்சிக்காரர்கள் உட்பட. தம்பிக்காகத்தான் நிற்கிறேன் என்று யாரும் எங்கும் பேசக் கூடாது. அப்பா பதில் சொல்லாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தம்பி, தனக்கு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்க வேண்டும் என்கிறான். அதை அப்பாவிடம் நானே சொல்ல வேண்டுமாம்.

பழைய பாக்கிப் பட்டியல் கேட்டதற்கும் அப்பா வாய் திறக்கவில்லை. அப்பத்தா பெட்டகத்தைத் திறந்து மொய் நோட்டுகளையும் ஒரு கட்டுக் காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். 2011 தேர்தல் செலவுக்கு அப்பா எழுதிக் கொடுத்த புரோநோட்டு ஒன்றின் நகல் அதில் இருந்தது. கடன் கொடுத்தவர் எங்கள் தெருக்காரர், நல்ல மனிதர், இத்தனை வருஷம் கேட்கவே இல்லை. போன வாரம் வந்து, “நீதான் நிக்கப் போறியாமே தாயி, உன் பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு” என்றார். குமாஸ்தா ஐயா, என்ன செய்வது?

ஐந்து விளக்கு எழுதியது:

உங்களைக் கிண்டல் பண்ணியவன்தான். ஒரு உதவி. எங்கள் அம்மாவுக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. உங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் ஒரு வார்த்தை பேசுவாரா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அப்பா பேச வேண்டியதில்லை அண்ணே. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று தனி அதிகாரி இருக்கிறார். அம்மாவின் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, எந்த மாதத்திலிருந்து நின்றது என்று தேதியோடு மனு எழுதிக் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஆதார் வங்கியில் இணையாமல் இருக்கும், அதை முதலில் பாருங்கள். மனு எழுதித் தர வேண்டுமென்றால் தனிச்செய்தியில் விவரம் அனுப்புங்கள்.

குமாஸ்தா எழுதியது:

கையெழுத்துப் போடாதீர்கள்.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் காலக்கெடு. அந்தக் கெடுவுக்குள் வட்டி கட்டி வரவு எழுதியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்திருந்தாலோதான் நீளும். நகலின் பின்பக்கம் பாருங்கள், ஒன்றும் இல்லையென்றால் அது எப்போதோ காலாவதி. ஆனால் ‘தருகிறேன்’ என்று எழுதி அப்பா புதிதாகக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி செத்த கடனும் எழுந்துவிடும். நீங்கள் உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் அது புதுக் கடன், உங்கள் கடன், உங்கள் பிரமாணப் பத்திரத்தில் ஏறும்.

அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மனசு சொன்னால், அப்பாவை வைத்துப் பணமாகவோ காசோலையாகவோ கொடுக்கச் சொல்லுங்கள். அசல் நோட்டின் பின்னால் ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் கையால் எழுதி வாங்கி, நோட்டைக் குறுக்கே கிழித்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். தேர்தலுக்கு நெருக்கத்தில் செய்ய வேண்டாம், ஓட்டுக்குக் கொடுத்தார்கள் என்று யாராவது படம் எடுத்துப் போடுவார்கள். இந்த மாதமே முடியுங்கள்.